படத்தில் இருப்பது கங்காரு எலி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் சிறுவர் பக்கத்தில், மணலில் இரண்டு காலில் நிற்கும் ஒரு சிறு பிராணியின் படம் வந்திருந்தது. கீழே "சஹாராவில் வாழும் கங்காரு எலி" என்று போட்டிருந்தீர்கள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவிருக்கும் என் பேத்தி, அதை வெட்டிப் பொது அறிவுக் கொப்பியில் ஒட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தாள். அந்தப் பெயர் தவறு. கங்காரு எலி வட அமெரிக்காவுக்கு உரியது. சஹாராவில் அது கிடையாது. படத்தில் இருப்பது ஜெர்போவா என்ற பாலைவனக் கொறிவிலங்கு.

தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்பது விளங்குகிறது. இரண்டுக்கும் மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, உடலைவிட நீண்ட வால், வால் நுனியில் குஞ்சம். இரண்டும் பின்னங்கால்களால் பாய்ந்து ஓடுபவை. தொடையருகே வெள்ளைக் கோடுகூட இரண்டிலும் உண்டு. ஆனால் சொந்தபந்தம் வேறு. ஜெர்போவா நம் வீட்டு எலி, சுண்டெலிகளுக்குக் கிட்டிய உறவு. கங்காரு எலி அந்த வழியில் வந்ததல்ல. ஆகவே நிறத்தையும் வாலையும் பார்த்துப் பெயர் வைக்கப் போனால் ஏமாந்துதான் போவோம்.

பார்க்க வேண்டியது பாதத்தை. நல்லவேளையாகத் தங்கள் படத்தில் ஒரு பின்பாதம் மணலுக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது. பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பேத்தியை விரல்களை எண்ணச் சொன்னேன். மூன்று. கங்காரு எலிக்கு நான்கோ ஐந்தோ இருக்கும். அந்த மூன்று விரல்களின் அடியிலும் தூரிகை போல மயிர் இருக்கிறது. இளகிய மணலில் கால் புதையாமல் காப்பது அதுதான். உள்ளே, நடுப்பாத எலும்புகள் மூன்றும் ஒட்டி ஒற்றை எலும்பாகிவிட்டிருக்கும். பறவையின் காலிலும் இப்படித்தான். உயர்தர வகுப்பில் இதைக் கோழிக்காலை வைத்துக் காட்டியிருக்கிறேன், இப்போதும் அது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காதும் சாட்சி சொல்கிறது. கங்காரு எலியின் காது சின்னது, வட்டமானது. படத்தில் உள்ளது நீண்டு நிமிர்ந்து நிற்கிறது. கங்காரு எலிக்குக் கன்னத்தின் வெளிப்புறத்தில், உட்புறம் மயிர் படர்ந்த பைகள் உண்டு, விதை சேர்த்துக்கொள்ள. ஜெர்போவாவுக்கு அவை இல்லை. ஆனால் வெறுமையாக இருக்கும் பையைப் படத்தில் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எந்த இனம் என்று கேட்டால், ஓரளவுக்கு மேல் சொல்ல முடியாது. ஜெர்போவாக்களிலும் ஐந்து விரல் கொண்டவை உண்டு. மொங்கோலியா, சீனாப் பக்கத்து நெடுங்காது ஜெர்போவா அப்படியானது. மூன்று விரலும் சஹாராவும் சேர்ந்தால் ஜகுலஸ் என்ற சாதி, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி. அதற்குள் சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட ஜகுலஸ் ஜகுலஸ் சிறியது, ஜகுலஸ் ஓரியன்டாலிஸ் பெரியது. இரண்டும் வட ஆபிரிக்காவில் உள்ளவை. பக்கத்தில் அளவுகோலோ ஒரு நாணயமோ இல்லாத படத்தில் சிறியது எது, பெரியது எது? படம் பிடித்த ஊரும் விலங்கின் நீளமும் தங்களிடம் இருந்தால் தயவுசெய்து பிரசுரியுங்கள். இனிமேல் வரும் படங்களுக்கும் அவ்விரண்டையும் போடுவீர்களானால் பெரிய உதவி.

"நிலாவெளி மணலிலும் இது இருக்குமா, அம்மம்மா?" என்று பேத்தி கேட்டாள். ஜெர்போவா இலங்கையில் இல்லை. ஆனால் நமது உலர் வலயத்தில் எலி போன்ற கொறிவிலங்கான ஜெர்பில் வகை ஒன்று வாழ்கிறது, ததேரா இண்டிகா என்பது அதன் பெயர். வளை தோண்டி இருந்து இரவில் வெளியே வரும். வீட்டு எலியின் வால் செதிலாய் மொட்டையாக இருக்கும். இதன் வாலில் மயிர் மூடி, நுனியில் கருங்குஞ்சம் இருக்கும். வயிறு வெள்ளை. எலி என்று அடித்துப்போடும் பிள்ளைகளுக்கு இந்த வால் வித்தியாசத்தையாவது சிறுவர் பக்கத்தில் ஒருமுறை படத்துடன் காட்டுங்கள்.

திருத்தத்தை அதே சிறுவர் பக்கத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் கண்ணில் படாது. பேத்தி கொப்பியில் பழைய பெயரை அழித்து, "ஜெர்போவா, 3 விரல்" என்று பென்சிலால் எழுதி, இனப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.