சாவதற்கும் உயிர் வேண்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே எழுதாததற்கு எங்கள் ஆய்வகத்து வாட்டர் பாத், அதாவது சூட்டை ஒரே அளவில் வைக்கும் தண்ணீர்த் தொட்டிதான் காரணம். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். ‘செல் தற்கொலை செய்துகொள்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மிரளுகிறார்கள், வேறு நல்ல சொல் உண்டா?’ என்று கேட்டிருந்தாயே, முதலில் அதற்கு வருகிறேன்.

எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. அதில் ஒரு விரக்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. செடியில் தண்ணீரை மேலே ஏற்றும் சைலக் குழாயாக மாறும் செல்லை நினைத்துப் பார். உள்ளே புரோட்டோபிளாசம் என்ற உயிர்க்கூழ் இருக்கும்வரை அந்தச் செல்லின் வழியே தண்ணீர் தாராளமாக ஏற முடியாது. ஆகவே அது சுவரை லிக்னின் என்ற மரப்பொருள் சேர்த்துத் தடிப்பாக்குகிறது. தன்னையே கரைக்கப்போகும் நொதிகளையும் தயாரித்து வாக்குவோல் என்ற உள்பைக்குள் பூட்டி வைக்கிறது. வேளை வந்ததும் வாக்குவோல் உடைகிறது. 1980-இல் ஃபுகுடாவும் கொமாமினேயும் சின்னியா என்ற பூச்செடியின் இலைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஹார்மோன் கொடுத்துச் சைலச் செல்களாக மாற்றிக் காட்டினார்கள். அந்த முறை கைக்கு வந்த பிறகுதான் இந்தச் சாவை மைக்ரோஸ்கோப்பில் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. வாக்குவோல் உடைந்த சில நிமிடங்களில் உட்கருவின் டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடுகிறது. எத்தனையோ நாள் ஏற்பாடு, நிமிடக் கணக்கில் முடிவு!

ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கைச் சீவலில் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்தது கூட ஆள் காலி செய்துவிட்டுப் போன அறைகளுக்குத்தான். இதைப் பிள்ளைகளிடம் சொல், மிரளமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். விலங்குச் செல் தானே சாகும் முறையான அப்போப்டோசிஸை அப்படியே செடிக்கும் பொருத்திப் பாடம் நடத்தாதே. விலங்கில் செத்த செல்லின் துண்டுகளை மற்ற செல்கள் விழுங்கிவிடும். செடியில் சுவர் குறுக்கே நிற்கிறது, யாரும் வந்து விழுங்க முடியாது. தன்னைத் தானே செரித்துக்கொண்டால்தான் உண்டு. விலங்குகளில் புரதங்களை வெட்டிச் செல்லைச் சாகவைக்கும் காஸ்பேஸ் நொதிகளும் செடியில் கிடையாது. தூரத்து உறவான மெட்டாகாஸ்பேஸ்கள் உண்டு, ஆனால் அவை புரதத்தை வெட்டும் இடமே வேறு.

என்னை இன்னும் உலுக்குவது ஓட்ஸ் கதைதான். துரு நோய்ப் பூஞ்சை உயிருள்ள செல்லில்தான் பிழைக்கும். எதிர்ப்புள்ள செடியில் அது நுழைந்த இடத்துச் செல்கள் சட்டென்று செத்துவிடும், பூஞ்சை பட்டினி கிடக்கும். கோதுமையில் இதைக் கண்ட ஸ்டாக்மன் 1915-இலேயே ‘மிகையுணர்வு’ என்று எழுதினார். 1940-களில் அமெரிக்காவில் ‘விக்டோரியா’ என்ற ஓட்ஸ் ரகத்திலிருந்து துரு எதிர்ப்பை எடுத்துப் புது ரகங்களை உருவாக்கி ஏராளமாக விதைத்தார்கள். பின்னாலேயே வேறொரு பூஞ்சை வந்தது. அது செத்த செல்லைத் தின்று வாழ்வது. விக்டோரின் என்ற நச்சை அது விட்டதும், துருவைத் தடுத்த அதே ரகங்களின் செல்கள் தாமாகவே சாகத் தொடங்கின, பயிர் கருகியது. எதிர்ப்பு ஜீனையும் இந்த நோய்க்கு ஆளாக்கும் ஜீனையும் எவ்வளவு முயன்றும் யாராலும் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்காரன் வைத்த வெடியைத் திருடன் பற்றவைத்த மாதிரி. எனக்கு அந்தப் பூஞ்சை மேல் ஒரு மரியாதையே உண்டு.

இனி வாட்டர் பாத். அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் நாற்றுகளை 50 டிகிரியில் 10 நிமிடம் வைத்து எடுத்து, மறுநாள் வேர்த்தூவிகளைப் பார்ப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு தூவியும் ஒரே செல், அதனால் எண்ணுவது சுலபம். ஒளிரும் சாயம் ஊற்றினால் உயிருள்ளவை பச்சையாக மின்னும். மின்னாதவை செத்தவை. அவற்றில் உள்ளிருப்பது சுருங்கிச் சுவரைவிட்டு விலகியிருந்தால், அந்தச் செல் தன் முறைப்படி இறந்தது. சுருங்காமல் கிடந்தால், வெப்பம் அடித்துக் கொன்றது.

இரண்டு வாரம் ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தேன். எல்லாம் செத்திருந்தன, ஒன்றுகூடச் சுருங்கவில்லை. நாற்றைச் சந்தேகித்தேன், சாயத்தைச் சந்தேகித்தேன், என் கண்ணையும் விடவில்லை. கடைசியில் ஒரு மாணவி தெர்மாமீட்டரை எடுத்துவந்து தண்ணீரில் முக்கினாள். திரையில் 50, உள்ளே 64! அந்தச் சூட்டில் செல்லுக்குச் சாக அவகாசமே இல்லை. தன் முறைப்படி சாக ஆற்றல் வேண்டும், நொதிகள் வேண்டும், வேலை செய்கிற உடம்பு வேண்டும். வெந்துபோன செல்லிடம் அதெல்லாம் எங்கே இருக்கும்? வருடக்கணக்காக இதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் உன் வகுப்பில் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்றே சொல். பாடநூல் வாடை அடிக்கும்தான், ஆனால் பொய் சொல்லாத சொல். உன் மகள் தாவரவியல் எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். விடுமுறையில் இங்கே அனுப்பு, வேர்த்தூவி எண்ண ஆள் தேவைப்படுகிறது.

புது நாற்றுகளுக்கு நாளையோடு ஐந்து நாள். இம்முறை தெர்மாமீட்டர் என் கையில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்