சீமாறு கட்டுகிற அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

வணக்கமுங்க.

எங்கள் தொடக்கப் பள்ளியில் பொருள்களெல்லாம் போனது ஆனைமலைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், நடந்ததைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, வகுப்பு நடக்கிறது, அது போதும். மூன்றாம் வகுப்பில் கழித்தல் தொடங்க வேண்டிய நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொருள்கள் இருந்த பெட்டியும் போய் வெறும் தரையில் நின்றோம். அப்போது கை கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

கட்டம் போட்ட தாளை அடித்துக் கொடுத்துக் காசு வேண்டாம் என்ற பிரஸ்காரர், மேசை ஏற்றி வந்த டெம்போ அண்ணன், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்கள், பொள்ளாச்சியிலிருந்து சுண்ணக்கட்டி அனுப்பிய பழைய மாணவர்கள் என எல்லாருக்கும் ஒரே கும்பிடாகப் போட்டுக்கொள்கிறோம். தனித்தனியாகச் சொன்னால் மடல் முடியாது.

ஆனால் சீமாறு கட்டுகிற அம்மாவைப் பற்றி விரித்து எழுதித்தான் ஆக வேண்டும். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. பிள்ளைகள் கணக்கை எண்ணிப் பார்த்துப் போட அவரிடம் நாங்கள் கேட்டது ஈர்க்குச்சி மட்டும். இரண்டு பேருக்குப் பத்துக் குச்சிக் கட்டு ஒன்பது, தனிக் குச்சி ஒன்பது, ஆக 99. பன்னிரண்டு ஜோடிக்கு 1,188. அதற்கு மேல் வகுப்புக்குப் பொதுவாக நூறு குச்சிக் கட்டு ஐந்து. எண்ணிக் கட்டுவது எங்கள் வேலை என்று இருந்தோம். அவரோ கட்டியே கொண்டுவந்து வைத்தார்.

கட்டியிருந்த விதம்தான் விஷயம். ஈர்க்கின் அடி தடியாக இருக்கும், நுனி வளையும். இரண்டையும் கலந்தால் ஒரு பத்து பெருத்தும் இன்னொரு பத்து மெலிந்தும் போகும். பெருத்த கட்டில்தான் குச்சி அதிகம் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். அவர் நடுப்பாகத்தை மட்டும் அரை அடி நீளத்துக்கு நறுக்கி, கண்ணில் குத்தாமல் இருக்க இரண்டு முனையையும் கல்லில் தேய்த்திருந்தார். ரப்பர் பேண்டுக்குப் பதில் பருத்தி நூல். ரப்பர் பேண்டு வெயிலில் இற்றுப்போகும், வகுப்பில் பறக்கும், சின்னக் கைக்கு மறுபடி மாட்ட வராது. அவர் போட்டிருந்தது உருவாஞ்சுருக்கு, நுனியைப் பிடித்து இழுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். "கட்டுனா பிரிக்கோணுமல்லங் டீச்சர், பிரிச்சாத்தானே கணக்கு" என்றார். பாடக் குறிப்பில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான்.

நூறு கட்டுக்குள் நூறு குச்சியையும் ஒன்றாகத் திணிக்காமல் பத்துப் பத்துக் கட்டாகவே வைத்து, மேலே சிவப்பு நூல் சுற்றியிருந்தார். விலைக்கு வாங்கும் பெட்டியிலேயே சில சமயம் இது தப்பாக இருக்கும்.

இது ஏன் இவ்வளவு பெரிய உதவி என்று கேட்பவர்களுக்கு: 52-ல் 38-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் நிறையப் பேர் 26 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு இல்லை. "ரெண்டுல எட்டு போகாது" என்று நாமே சொல்லிக்கொடுத்திருப்போம். போகாதென்றால் எட்டில் இரண்டைக் கழிப்போம் என்று பிள்ளை திருப்பிப் போட்டுக்கொள்கிறது. அங்கே சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் கணக்கு பிடிக்காமல் போவதைத் தவிர ஒன்றும் நடக்காது. கட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. எட்டு எடுக்க வேண்டும், கையில் இரண்டுதான். யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை நூலை இழுக்கும். நாலு கட்டு, பன்னிரண்டு குச்சி. எட்டை எடுத்தால் நாலு, மூன்று கட்டை எடுத்தால் ஒன்று. 14. பிறகு "முப்பத்தெட்டோட இருபத்தாறு சேர்த்தா அம்பத்திரண்டு வருதா கண்ணு?" என்று கேட்டால் போதும். 64 வருவதைப் பார்த்து அதுவே அழித்துக்கொள்ளும்.

நடுவில் சைபர் வருகிற கணக்கில் சிவப்பு நூல் வேலை செய்கிறது. 503-ல் 267. தனிக் குச்சி மூன்று, பத்துக் கட்டு ஒன்றுமில்லை. சிவப்பு நூலை இழுத்தால் பத்துப் பத்தாக உதிரும். அதில் ஒன்றை மறுபடி பிரித்தால் நாலு நூறு, ஒன்பது பத்து, பதிமூன்று ஒன்று. விடை 236. சைபர் எப்படி 9 ஆனது என்று நாலாம் வகுப்பு வரை புரியாமல் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு. தரையில் உட்கார்ந்து ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே வராது.

இந்தக் கட்டுகளை வைத்து நாங்கள் போட்டிருக்கும் 40 நிமிடத் திட்டம் இதுதான், அவருக்கும் படித்துக் காட்டினோம். முதல் 5 நிமிடம் வாய்க்கணக்கு. அடுத்த 8 நிமிடம் கதைக் கணக்கு, அதுவும் முதலில் எண்ணே இல்லாமல்: கடையில் கொஞ்சம் இளநீர் இருந்தது, நிறைய விற்றுவிட்டது, கொஞ்சம் மீதி. பிள்ளைகள் நடித்துக் காட்டட்டும். அப்புறம்தான் விற்றது 38, மீதி 14, முதலில் எத்தனை இருந்தது என்று கேட்பது. எண்ணோடு தொடங்கினால் 'மீதி' என்று காதில் விழுந்ததுமே கழித்து 24 என்று எழுதிவிடுவார்கள், கதையைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். 'மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி' என்று பழக்கியதன் வினை இது. அந்தக் குறுக்குவழியைச் சுவரிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

பிறகு 12 நிமிடம் ஜோடி வேலை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகியிருக்கிறோம். இங்கே கதை ஒன்றுதான், எண் மட்டும் மூன்று விதம். ஒரே கதை என்பதால் கடைசியில் எல்லாரும் ஒன்றாகப் பேச முடியும். அந்தப் பேச்சுக்கு 10 நிமிடம். குச்சி வைத்துச் செய்த பிள்ளை முதலில், பத்துக்குக் கோடும் ஒன்றுக்குப் புள்ளியும் போட்ட பிள்ளை அடுத்து, எண்ணாலேயே போட்ட பிள்ளை கடைசியில். வேகமாகப் போடுகிற பிள்ளையை முதலில் கூப்பிட்டால் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். மிச்சம் 5 நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு, தனியாக, துண்டுத் தாளில். மறுநாள் யாரை எங்கே உட்கார வைப்பது என்று அந்தத் தாள் சொல்லும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடியாவது காத்திருந்தால் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டு எழுதினார். மூன்று நொடி வகுப்பில் ரொம்ப நீளம், பொறுத்துத்தான் ஆக வேண்டும். பாராட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. "கெட்டிக்காரி" என்றால் பிள்ளைக்கு எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது. "கட்டைப் பிரிச்சுப் பாத்தது நல்ல யோசனை" என்றால் தெரியும்.

அம்மா, இந்த ஆண்டு எங்கள் மூன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் கழித்தல் கணக்கைப் பலகையில் போடாது. இது உங்களிடம் கொடுக்கும் வாக்கு. அந்தச் சுருக்கை எங்களுக்கும் ஒருநாள் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் போட்டது இழுத்தால் இறுகிக்கொள்கிறது.

இன்னும் உதவ வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: குச்சி போதும். மழைக்காலத்தில் ஈர்க்கு பூஞ்சை பிடிக்கும், அதனால் மூடி இறுக்கமான தகர டின் ஐந்தாறு கிடைத்தால் நல்லது. பருத்தி நூல் ஒரு கண்டு வேண்டும், சிவப்பு இருந்தால் இன்னும் நல்லது. பாடத் திட்டத்தின் நகல் சத்துணவுக் கூடத்துப் பக்கத்து அறையில் இருக்கிறது, எந்தப் பள்ளி ஆசிரியரும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நன்றிங்க.

ஆனைமலைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்