உதிரிபாகத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு எப்படித் திட்டமிடுகின்றன என்று சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில், இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலில். கட்டுரைக்கு நடுவே ஓர் உலக வரைபடம் போட்டிருந்தீர்கள். தலைமையகம் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி, அங்கிருந்து நாலா பக்கமும் அம்புக்குறிகள். எல்லா அம்பும் வெளியே போகிறது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அதே மாதிரிப் படத்தை நானே வரைந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். தண்ணீர் பம்ப் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஏற்றுமதித் திட்டப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

எங்கள் முதல் பெரிய திட்டத்தில் நாடுகளை வட்டங்களாக வரைந்தோம். சந்தை எவ்வளவு பெரிதோ வட்டமும் அவ்வளவு பெரிது. கூட்டத்தில் இருந்த எல்லாருடைய கண்ணும் பெரிய வட்டத்துக்குத்தான் போனது. "இதில் 2 சதவீதம் பிடித்தால் போதுமே" என்றார் விற்பனை மேலாளர். இந்த 2 சதவீதக் கணக்கைப் போல ஆளை ஏமாற்றுவது வேறு எதுவும் இல்லை. கேட்பதற்கு அடக்கமாக இருக்கும். ஆனால் அந்த 2 சதவீதம் யார், இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், அவரை விட்டுவிட்டு எதற்காக எங்களிடம் வரவேண்டும் என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. எக்ஸெல் தாளில் அந்த 2-ஐ அடித்ததே நான்தான்.

பொறியாளர்கள் தங்கள் பங்கை ஒழுங்காகச் செய்தார்கள். அந்த நாட்டில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று. எங்கள் பம்ப் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. அப்படியே கொண்டுபோய் ஓட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வேகம் 20 சதவீதம் கூடும்போது பம்ப் இழுக்கும் மின்திறன் முன்பைவிட 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், மோட்டார் தாங்காது. அதனால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கடைந்து விட்டத்தைக் குறைத்தார்கள், மோட்டாரை மாற்றினார்கள், சோதனை மேடையில் நாள்கணக்காக ஓட்டிப் பார்த்தார்கள். (ஜப்பானில் ஒரே நாட்டுக்குள்ளேயே கிழக்கில் 50, மேற்கில் 60. வரைபடத்தில் ஒரே நிறம் அடித்த இடமெல்லாம் ஒரே சந்தை ஆகிவிடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்ல நான் எடுக்கும் முதல் உதாரணம் இது.)

சான்றிதழ் வாங்க 4 மாதம் என்று போட்டிருந்தோம், 14 மாதம் ஆனது. அதையும் பொறுத்துக்கொண்டோம். எங்களைக் கவிழ்த்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சீல். தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். அது தேயத்தான் செய்யும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளரின் பம்ப் கசிய ஆரம்பித்தது. டீலரிடம் சீல் இல்லை. எங்கள் தொழிற்சாலையிலிருந்து விமானத்தில் அனுப்பி, சுங்கத்தில் தாள் சரியில்லை என்று நின்று, கடைசியில் போய்ச் சேர 23 நாள். அவர் எப்படி 23 நாள் காத்திருப்பார்? இரண்டாம் நாளே போட்டியாளரின் பம்பைப் பொருத்திவிட்டார். எங்கள் சீல் போய்ச் சேர்ந்தபோது அதை மாட்டுவதற்குப் பம்ப் இல்லை.

டீலர் ஏமாற்றுகிறார் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரே கோபம். நான் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். உதிரிபாகத்தை டீலர் தன் சொந்தப் பணத்தில் வாங்கி இருப்பு வைக்க வேண்டும், விற்காததை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் ஒரு சீல்கூட வாங்கியிருக்க மாட்டேன். 112 பக்கத் திட்டத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'உதிரிபாக இருப்பை டீலர் கவனித்துக்கொள்வார்.' மூன்றே ஆண்டில் மூட்டை கட்டினோம்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையை ஹோண்டா பிடித்ததை, முன்கூட்டியே கச்சிதமாகப் போட்ட திட்டத்தின் வெற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனம் 1975-இல் கொடுத்த அறிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது. உள்நாட்டில் பெரிய அளவில் உற்பத்தி செய்து செலவைக் குறைத்து, அந்த பலத்தில் சிறிய வண்டியோடு வெளிநாட்டில் நுழைந்தார்கள் என்பது அதன் கதை. அப்புறம் ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற பேராசிரியர், அமெரிக்காவுக்கு முதலில் போன ஹோண்டா ஆட்களையே சந்தித்துக் கேட்டு, 1984-இல் எழுதினார். அவர்கள் சொன்ன கதை வேறு.

1959-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கடை திறந்தபோது அவர்கள் பெரிதாக நம்பியது பெரிய வண்டிகளைத்தான். ஜப்பானிய நிதி அமைச்சகம் அனுமதித்தது 2,50,000 டாலர், அதிலும் ரொக்கமாகக் கொண்டுபோக முடிந்தது 1,10,000 தான். அடுத்த ஆண்டே பெரிய வண்டிகள் எண்ணெய் கசிந்தன, கிளட்ச் போனது. அமெரிக்காவில் வண்டியை ஜப்பானைவிட நெடுந்தூரம், அதிக வேகத்தில் ஓட்டினார்கள். கையில் இருந்த கொஞ்சம் பணத்தையும் செலவழித்து, பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஆய்வுக்கூடம் இரவு பகலாக வேலை பார்த்து, ஒரே மாதத்தில் புது ஹெட் கேஸ்கட்டும் கிளட்ச் ஸ்பிரிங்கும் செய்து கொடுத்தது. இதற்கிடையே அலுவலக வேலைக்காக அவர்களே ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சூப்பர் கப்பைப் பார்த்துவிட்டு மக்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். சியர்ஸ் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்திலிருந்தே கேட்டு வந்தார்கள். பெரிய வண்டிக்கான பெயர் கெட்டுவிடுமோ என்று முதலில் தயங்கி, வேறு வழியில்லாமல்தான் சின்ன வண்டியை விற்பனைக்கு இறக்கினார்கள்.

திட்டமே வேண்டாம், அதிர்ஷ்டம் போதும் என்று சிலர் இந்தக் கதையைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு அதில் பாதிகூட ஒப்புதல் இல்லை. நல்ல வண்டியும் அதைச் செய்யும் திறமையும் கையில் இருந்ததால்தானே வந்த வாய்ப்பைப் பிடிக்க முடிந்தது? என் கண் நிற்கும் இடம் அந்த ஒரு மாதத்தில். பழுதான வண்டி விமானத்தில் திரும்பிப் போகிறது, திருத்திய பாகம் வருகிறது. உங்கள் படத்தில் இல்லாத அம்பு அதுதான். எங்கள் சீலுக்கு அந்த அவசரத்தை நாங்கள் காட்டவே இல்லை.

புல்டோசர் செய்யும் அமெரிக்க நிறுவனமான கேட்டர்பில்லரின் கதை இயந்திரத் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளோடு போன புல்டோசர்கள் போர் முடிந்ததும் பல நாடுகளில் அங்கங்கே தங்கிவிட்டன. அவற்றுக்குப் பாகம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். அந்தத் தேவையிலேயே அதன் வெளிநாட்டு டீலர் வலை வளர்ந்தது. உலகின் எந்த மூலைக்கும் 48 மணி நேரத்தில் உதிரிபாகம் என்பது பிறகு அந்த நிறுவனம் பெயரெடுத்த வாக்குறுதி. அதற்குப் பின்னால் எவ்வளவு சரக்கு, எவ்வளவு பணம் கிடங்குகளில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

அப்படிப்பட்ட நிறுவனமும் 1982 முதல் 1984 வரை தொடர்ந்து மூன்று ஆண்டு நஷ்டம் கண்டது. உலகெங்கும் மந்தம். அதோடு டாலரின் மதிப்பு ஏறியதால் அமெரிக்காவில் செய்த இயந்திரம் வெளியே விலை கூடிப்போனது. எதிரே, அதே மாதிரி இயந்திரங்களைச் செய்யும் ஜப்பானின் கொமாட்சு. 1963-இல் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து கேட்டர்பில்லர் ஜப்பானுக்குள் வந்தபோது, கொமாட்சு தாக்குப்பிடிக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. அது வெளியே ஓடவில்லை. முதலில் தன் புல்டோசரின் தரத்தை உயர்த்துவதில் இறங்கி, 1964-இல், தரத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை வாங்கியது. வெளிநாடுகளில் பெரிய அளவில் மோதியதெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் நாணயம் யாருக்கும் நிரந்தர நண்பன் இல்லை. 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பை இறக்குவதற்காகப் பெரிய நாடுகள் சேர்ந்து செய்த பிளாசா உடன்பாடு வந்தது. ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, அடுத்த ஆண்டு நடுவில் 160-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இப்போது கொமாட்சுவின் முறை. ஜப்பானில் மட்டும் செய்து அனுப்பினால் கட்டாது என்று வெளிநாட்டில் தொழிற்சாலை தேடிய அது, இங்கிலாந்தில் பிர்ட்லி என்ற ஊரில் ஒன்றை எடுத்தது. அது கேட்டர்பில்லர் மூடிவிட்டுப் போன தொழிற்சாலை!

உங்கள் கட்டுரை நாணய மாற்று பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் திட்டத்திலும் ஐந்து ஆண்டுக்கும் ஒரே மாற்று விகிதம்தான் போட்டிருந்தோம். முன்பேர ஒப்பந்தம் போட்டுக் கொஞ்ச காலத்துக்கு விகிதத்தைக் கட்டிவைக்கலாம், ஆனால் அது மாதக்கணக்கில் வரும் பாதுகாப்பு. தொழிற்சாலை எங்கே இருக்க வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கில் எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒரே தலைப்பில் 'இடர் மேலாண்மை' என்று எழுதி நகர்ந்துவிடுவது எங்கள் வழக்கமாக இருந்தது.

அவசரத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவின் டார்கெட் என்ற சில்லறைக் கடை நிறுவனம் கனடாவில் ஒரு பழைய சங்கிலிக் கடையின் குத்தகைகளை மொத்தமாக வாங்கி, 2013-இல் மளமளவென்று கடைகளைத் திறந்தது. மொத்தம் 133 கடை. சரக்குத் தரவுகளில் பிழை மலிந்து, கிடங்கில் பொருள் குவிந்தது, கடையில் அலமாரி காலியாகக் கிடந்தது. 2015 ஜனவரியிலேயே வெளியேறுவதாக அறிவித்துவிட்டார்கள். பக்கத்து நாடு, பெரும்பாலும் ஒரே மொழி. வரைபடத்தில் இதைவிடச் சின்ன அம்பு போட முடியாது. தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் இல்லை, பண்பாடு, நிர்வாகம், பொருளாதாரம் எல்லாம் சேர்ந்தது என்று நிர்வாகவியல் பேராசிரியர் பங்கஜ் கெமாவத் 2001-இல் எழுதினார். என் அனுபவத்தில் இன்னொன்றையும் சேர்ப்பேன்: தலைமையகத்துக்கு இருக்கும் பொறுமையின் அளவு.

எங்கள் இரண்டாவது திட்டம் 19 பக்கம். பெரிய வட்டத்தை விட்டுவிட்டோம். ஒன்றுக்கொன்று பக்கத்தில், ஒரே ஹெர்ட்ஸ், ஒரே சான்றிதழ் செல்லும் மூன்று சிறிய நாடுகளை எடுத்தோம். பம்ப் அனுப்புவதற்கு முன்னால், மூன்றுக்கும் பொதுவாக ஓர் உதிரிபாகக் கிடங்கை எங்கள் செலவிலேயே வைத்தோம். ஒவ்வொரு பம்புடனும் சீல், பேரிங், கேஸ்கட் அடங்கிய சிறு பெட்டி ஒன்று போனது. நிதிப் பிரிவில் இருந்தவர் அதைப் பார்த்து, "விற்பதற்கு முன்பே பழுதாகும் என்று நாமே சொல்கிறோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டில் டீலர்கள் எங்கள் பம்பை விற்க அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறந்து காட்டினார்கள். ஆப்பிரிக்கக் கைபேசிச் சந்தையில் டிரான்ஷன் நிறுவனம் டெக்னோ கைபேசியோடு கார்ல்கேர் என்ற பெயரில் பழுதுபார்க்கும் மையங்களையும் வைத்து வளர்ந்ததைப் பிற்பாடு படித்தபோது, நாங்கள் ஒன்றும் பைத்தியக்காரர்கள் இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

இன்னொரு வரியும் அந்த 19 பக்கத்தில் இருந்தது. 18 மாத முடிவில் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேராவது மறுபடி ஆர்டர் தராத நாட்டிலிருந்து வெளியே வந்துவிடுவது என்று. இதை எழுதவைக்கத்தான் எனக்கு அதிகப் போராட்டம். தோல்வியை முன்னாலேயே எழுதுவதா என்றார்கள். ஆர்டர் வராதபோது எழுதினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்றேன். சரி, மூன்றில் ஒரு நாட்டில் அந்தப் பாதி வரவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல், டீலரின் கணக்கை முடித்து, மீதி இருந்த உதிரிபாகத்தை நாங்களே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம். அதைச் செய்த ஒரே காரணத்தால் அந்த டீலர் பல ஆண்டு கழித்து வேறொரு நாட்டிலிருந்து எங்களைத் தேடி வந்தார்.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஏதாவது நிறுவனம் 'இந்த ஆண்டு 12 நாடுகளில் கால் பதிக்கிறோம்' என்று அறிவித்தால், உங்கள் நிருபர் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்கட்டும். பொருள் பழுதானால் பாகம் எந்த ஊரிலிருந்து வரும்? நாணயம் 30 சதவீதம் எதிராகப் போனால் என்ன செய்வீர்கள்? எது நடந்தால் வெளியே வருவீர்கள்? பதில் வராவிட்டால், வரவில்லை என்றே அச்சிடுங்கள். வரைபடத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஏற்றுமதித் திட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு வாசகி

(பழைய நிறுவனத்தில் இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.)