ஆயாக் கொட்டகையும் உன் நான்கு சுதந்திரங்களும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் தீபாவளி வாழ்த்துக்குக்கூடப் பதில் எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ வழக்கோடு வந்திருக்கிறான் என்று நீ ஊகித்திருப்பாய். ஊகம் சரி, குற்றவாளியும் நீதான்.

உன் பேச்சைக் கேட்டுத்தான், தோட்ட வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையை நான் வரைந்த படத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டேன். என் பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றியதை அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். சென்ற வாரம், நம் தோட்டத்து லய வீடுகள் இருந்த இடத்தில் எழும் வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். உத்தரத்தில் தொங்கிய தூளிகளைக் காணோம், அங்கே பூந்தொட்டிகள். தகரக் குவளையோடு குந்தியிருந்த ஆயா இருந்த இடத்தில் பளிங்குத் தரை. கீழே எறும்பளவு எழுத்தில் என் பெயர், உரிமத்தின் பெயர், 'மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன' என்ற குறிப்பு. ஒரு விதியும் மீறப்படவில்லை. வயிறு எரிவதற்கு அதுவே காரணம்.

இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், பகிரவும், மாற்றியதைப் பகிரவும் என்று நீ அடுக்கும் உன் நான்கு சுதந்திரங்களும் மென்பொருளுக்கு வேண்டும் என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். பழுதான நிரலைத் திருத்த முடியாதவன் அதை எழுதியவனுக்கு அடிமை. ஆனால் என் படத்தில் என்ன பழுது கண்டு ஆயாவை அகற்றினார்கள்? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய உன் குருநாதர் ஸ்டால்மனே வேலைக்குப் பயன்படும் ஆக்கங்களையும் கருத்துரைகளையும் கலைப் படைப்புகளையும் வேறுவேறாகப் பிரித்துத்தான் பேசுகிறார். அவர் தொடங்கிய குனு மென்பொருள் திட்டத்தின் தளத்திலுள்ள அவருடைய தத்துவக் கட்டுரைகளுக்கு, படியெடுக்கலாம், மாற்றக் கூடாது என்ற உரிமம்தான் இருக்கிறது. அதே உரிமத்தை நான் கேட்டபோது 'கஞ்சத்தனம்' என்று சிரித்தாயே, நினைவிருக்கிறதா?

பாரதியை இழுத்து வருவாய், தெரியும். 1949இல் அரசு அவர் படைப்புகளின் உரிமையைப் பெற்று, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. அதனால்தான் நம் பள்ளி மேடையில் எவரிடமும் அனுமதி கேளாமல் பாடினோம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரியை மாற்றிவிட்டுக் கீழே பாரதி என்று எழுதியிருந்தால் வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்.

இதை எழுதும்போதே என் வாதம் ஆட்டம் காண்கிறது. பாட்டி ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் தாலாட்டில் மாமன் பெயரை மாற்றுவாள். கங்காணி மீது கோபம் வந்த நாளில் அவனும் அதற்குள் வந்து வசை வாங்குவான். யாரிடம் அனுமதி கேட்டாள்? மாற்றாமல் வைத்திருந்தால் அந்தப் பாட்டு எங்களிடம் வந்தே சேர்ந்திராது. அந்தப் பாட்டுக்கடியில் எவர் பெயரும் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு என்று நினைக்கிறேன்.

உரிமத்தை நான் இனித் திரும்பப் பெற முடியாது. என் பெயரை நீக்கும்படி கேட்க மட்டும் அதில் இடமுண்டு. மூன்று வரிக் கடிதம் எழுதி உறையிலும் இட்டேன். அஞ்சலில் சேர்க்கக் கை வரவில்லை. பெயர் இருந்தால், எவராவது ஒருவர் அதைத் தேடிப் போய் மூலப் படத்தில் ஆயாவைக் காணக்கூடும். பெயரையும் எடுத்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நீ என்ன செய்வாய்? வாட்சாப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே; தாளில் எழுது.

உன்
சுருட்டை