சித்திக்கு, நோட்டில் எழுதாத எண்ணைப் பற்றி

அன்புள்ள சித்தி,

நேற்று ராத்திரி போனை எடுத்ததும் "68" என்றீர்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் முன்னால் 22. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிஏ-125 கணக்கும் (சினைப்பைப் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் எண்) ஓடுவது மும்பை மாட்டுங்கா வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அழ ஆரம்பித்ததால் பாதிப் பேச்சு நின்றுபோயிற்று. மீதி இங்கே. ரிப்போர்ட்டும் கையுமாகத் தூங்காமல் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும், பொதுவில் எழுது என்று நீங்களே சொன்னீர்கள்.

35 வரை சாதாரணம் என்று லேப் தாளில் அச்சடித்திருப்பார்கள். வயிற்றில் வேறு அழற்சி இருந்தாலும் அது ஏறும். ஆனால் உங்கள் விஷயத்தில் நோய் திரும்பியிருக்கவே வாய்ப்பு அதிகம், மறைக்கமாட்டேன். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கும் சினைப்பைப் புற்றுநோய் பத்தில் ஏழு பேருக்காவது திரும்புகிறது. நீங்கள் எதையோ சாப்பிட்டதால் இல்லை. மூன்றாம் மாடி மாமி கொடுத்த முள்சீத்தா கஷாயத்தைக் கொட்டியதாலும் இல்லை (கொட்டியது நல்லதுதான்).

"நாளைக்கே கீமோ போட்டுவிடலாமா?" என்றீர்கள். எண் ஏறியதுமே கீமோ ஆரம்பிப்பதா, உடம்பில் தொந்தரவு தெரிந்த பிறகு ஆரம்பிப்பதா என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. முன்கூட்டியே ஆரம்பித்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. கீமோவோடுதான் கூடுதல் நாள் கழித்தார்கள். அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஓரிரு இடத்தில் மட்டும் கட்டி இருந்து, அதை முழுதாக எடுத்துவிட முடியும் என்று தோன்றினால், சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் பலன் தருகிறது. மிச்சம் வைக்கிற ஆபரேஷனால் லாபமில்லை. அதனால்தான் எல்லோருக்கும் செய்வதில்லை.

டாக்டர் முதலில் கேட்கப்போவது 68-ஐப் பற்றி அல்ல. கடைசி கார்போ, அதாவது கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து, எப்போது ஏறியது என்றுதான் கேட்பார். அதில் இருப்பது பிளாட்டினம். செல்லின் டிஎன்ஏவில் அது ஒட்டிக்கொண்டால் செல் பெருக முடியாமல் சாகும். கடைசி டோஸ் முடிந்து ஆறு மாதத்துக்குள் நோய் வந்தால், மருந்தை அது சமாளிக்கக் கற்றுவிட்டது என்று கணக்கு. அப்போது வாராவாரம் பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து மாதிரி வேறு வழி பார்ப்பார்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் பழைய மருந்துக்கே மறுபடி கேட்க வாய்ப்பு உண்டு. இடைவெளி நீள நீள, கேட்கும் வாய்ப்பும் கூடும். உங்கள் கடைசி டோஸ் முந்தின வருஷக் கணபதி பண்டிகைக்கு நாலு நாள் முன்னால். எண்ணிப் பாருங்கள், 19 மாதம்! நோட்டில் அதை எங்கேயும் எழுதவில்லை நீங்கள்.

முடியைப் பற்றிக் கேட்கத் தயங்கினீர்கள். தயங்க வேண்டாம். கார்போவோடு பாக்லிடாக்ஸல் சேர்த்தால் மறுபடி கொட்டும். லைப்போசோமல் டாக்ஸோரூபிசின் சேர்த்தால் பெரும்பாலும் முழுக்கக் கொட்டாது. ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரியலாம், வெந்நீரில் பாத்திரம் தேய்க்கக் கூடாது. இதை 'சிவப்பு மருந்து' என்றால் எங்கள் டே கேர் வார்டில் எல்லோருக்கும் தெரியும். எது வேண்டும் என்று டாக்டரிடம் வாய்விட்டுப் பேசலாம்.

அப்புறம், உள்ளங்கை அரித்தால் காசு வரும் என்று பாட்டி சொல்வாள் இல்லையா? கார்போ ஏறும்போது அரித்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இந்த மருந்துக்கு அலர்ஜி முதல் தடவை சிகிச்சையில் அபூர்வம், நோய் திரும்பி மறுபடி கொடுக்கும்போதுதான் பெரும்பாலும் வரும். ஆறு டோஸ் நன்றாகப் போனதே என்று பொறுத்துக்கொண்டு உட்காருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிஆர்சிஏ என்ற மரபணுவுக்கான சோதனை உங்களுக்கு அப்போது செய்யவில்லை. இந்தத் தடவை கேட்டு வாங்குங்கள். அந்த மரபணுவில் பழுது இருந்தால், கீமோவுக்கு நோய் அடங்கியபின் ஓலாபாரிப் மாத்திரை அதை நெடுநாள் அடக்கி வைக்க உதவும். ரத்தசோகையும் அசதியும் வரும், மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் அது பிள்ளைகளுக்கும் வரலாம், அதனால் பிரியாவும் சோதனை பார்த்துக்கொள்வது நல்லது. அவளிடம் நானே பேசுகிறேன்.

"முழுசாப் போயிடுமா?" என்று கடைசியில் கேட்டீர்கள், நான் பேச்சை மாற்றினேன். திரும்பி வந்தபின் இது அடியோடு போவது அரிது, சித்தி. அடக்குவது, இடைவெளி வாங்குவது, மறுபடி வந்தால் மறுபடி அடக்குவது. இப்படியே வருஷக்கணக்கில் என் வார்டுக்கு வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை வருஷம் என்று உங்களுக்கு நான் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை ஸ்லோ டிரெயினில் வாருங்கள். தாதருக்கு அடுத்து பரேல், டிக்கெட் கவுன்டர் பக்கம் நிற்கிறேன். பழைய பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்ஸ், கீமோ சார்ட் மூன்றும் வேண்டும். நோட்டும் கொண்டுவாருங்கள். டிபன் நான் எடுத்து வருகிறேன்.

உங்கள்,
கீதா