முடிச்சுப் போடும் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. "இத்தனை வருஷத்தில் நீ எதை மாற்றிக்கொண்டாய்?" என்று கேட்டிருந்தாயே, முடிச்சுப் போடும் இடத்தைத்தான்.

நாம் கற்ற நாளில் தைராய்டை எடுக்கும்போது, அதற்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்த் தைராய்டு தமனியை, கிளை பிரியுமுன் தண்டிலேயே கட்டிவிடுவோம், ஞாபகம் இருக்கிறதா? ரத்தம் கசியாது, வேலையும் சீக்கிரம் முடியும். அப்படித்தான் ஓர் அம்மாவுக்கு முழுத் தைராய்டையும் எடுத்தேன். தைராய்டின் பின்புறம் ஒட்டியிருந்து, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளையும் கண்ணால் பார்த்தேன்; ஒன்றும் போகவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாள் இரவு, "உதட்டைச் சுற்றி எறும்பு ஊருற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். பி.பி. பார்க்க நர்ஸ் பட்டையில் காற்றடித்தார். சிறிது நேரத்தில் அந்தக் கை மணிக்கட்டில் வளைந்து, விரல்கள் விறைத்து ஒட்டிக்கொள்ள, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. அவர் முகத்தில் இருந்த பயம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அடையாளம் அது. கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினோம், கை தளர்ந்தது. ஆனால் கால்சியம் மாத்திரையும், அதை உடல் உறிஞ்ச உதவும் கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி வகையும் இன்றுவரை அவருக்கு நிற்கவில்லை.

சுரப்பிகள் இருந்தன, அவற்றுக்குப் போக வேண்டிய ரத்தம்தான் இல்லை. அரிசி மணி அளவுள்ள அவை பெரும்பாலும் அந்தத் தமனியை நம்பியே இருக்கின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெடும் அவருடன் ஈவன்ஸும் 1907-லேயே இதை எழுதிவிட்டார்கள். நான் அந்த அம்மாவிடம் கற்றேன்.

இப்போது தைராய்டின் உறையை ஒட்டியே, கிளை கிளையாகக் கட்டுகிறேன். பாராதைராய்டைத் தனியே தோண்டி எடுப்பதில்லை; சுற்றியுள்ள கொழுப்போடு மெல்லக் கீழே ஒதுக்கி விடுகிறேன். பக்கத்தில் சூட்டுக் கருவியைக் கொண்டுபோவதே இல்லை. சுரப்பி கறுத்து ஜீவன் இழந்தால், துளி வெட்டி அது பாராதைராய்டுதானா என்று உறுதி செய்துகொண்டு, மீதியை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் புதைக்கிறேன். வேர் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும்.

பாராதைராய்டு பழுதானால், கால்சியம் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அது சுரக்கும் ஹார்மோனோ ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். அதனால் அன்றைக்கே, சில மணி நேரத்தில் அதைப் பார்த்துவிடுகிறேன். குறைந்திருந்தால், எறும்பு ஊரும்வரை காத்திராமல் கால்சியம் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறேன்.

விடுமுறையில் மகளை அனுப்பி வை. வெட்டியெடுத்த தைராய்டை ஆய்வுக்கு அனுப்புமுன் தட்டில் புரட்டிப் புரட்டி, அதில் ஒட்டிக்கொண்டு வந்த பாராதைராய்டைத் தேடக் கற்றுத்தருகிறேன். அதற்குப் பொறுமையும் நல்ல வெளிச்சமும் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்