மிளகாய் விலை விழுந்த வருடம்

விசுவமடு

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்ன கதை இன்னும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்சிக்கில் உன் வீட்டுக்கார அம்மா, தான் இருபது வருடம் வேலை செய்த நூல் ஆலை மூடப்பட்டதைச் சொல்லி இன்றைக்கும் கண் கலங்குகிறார் என்றாய். "அந்த நாட்டில் சுதந்திரமும் இல்லை, கடையில் சாமானும் இல்லை. பிறகு எதுக்கப்பா அழ வேண்டும்?" என்று கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சரி, இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

இலங்கையில் 1970க்குப் பிறகு சிறிமாவோ அம்மையாரின் ஆட்சி வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தைத் தடுத்தது. கிழக்கு ஜெர்மனியைப் போல எல்லாமே அரசு போட்ட திட்டத்தில் ஓடிய நாடு அல்ல நம்முடையது. ஆனால் எது உள்ளே வரலாம், என்ன விலை என்பதில் அரசின் கை பெரியது. அதை நம்பித்தான் இந்தப் பக்கத்து வாலிபர் திட்டங்களில் காணி கிடைத்த பெடியன்கள் காடு வெட்டினோம், கிணறு தோண்டினோம், நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கினோம். செத்தல் மிளகாய் காயப்போட்ட நாட்களில் தெருவால் போகிறவனும் தும்முவான். லொறி படலைக்கே வரும். உன் அப்பப்பா வீட்டுக்கு ஓடு போட்டதும், மாமியின் கலியாணம் ஒப்பேறியதும் மிளகாய்க் காசில்தான்.

அதே காலத்தில் உன் அப்பம்மா விடியப்புறம் எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்றார். சொந்த வயல் அரிசியைக் கொண்டுபோனாலும் அரசின் தடை என்று வழியில் மறித்துப் பறித்தார்கள். அதைப் பொற்காலம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

1977 யூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா வென்று ஆட்சிக்கு வந்தார். நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதி திறந்தது. கன்று நட்டபோது இருந்த விலை பழம் பிடுங்கும்போது இல்லை. வழமையாக வரும் வியாபாரி சாக்கை அவிழ்த்துக்கூடப் பார்க்காமல், கப்பல் மிளகாய் வந்துவிட்டது, பாதி விலைக்கென்றால் ஏற்றுகிறேன் என்றார். இயந்திரக் கடன் அப்படியே நின்றது. மண்ணெண்ணெய் விலை ஏறிக்கொண்டு போனது. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போன வருடம் அது. பாண் வரிசை ஒழிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான் பிள்ளை. ஆனால் ஒரு போகத்துக்கு முன்னமே சொல்லியிருந்தால், பாதிக் காணியில் வேறு ஏதாவது நட்டிருப்போம். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

உன் வீட்டுக்கார அம்மாவுக்கு நடந்ததும் இதுதான், இன்னும் பெரிதாக. 1990 யூலை 1 அன்று மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயம் அங்கே வந்தது. சம்பளத்தை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். கையில் நல்ல காசு வந்தது. அந்தக் காசில் சம்பளம் கொடுத்து நூல் நூற்று விற்க ஆலையால் முடியவில்லை. கிழக்கே இருந்த பழைய வாடிக்கை நாடுகளிடமோ அந்தக் காசு இல்லை. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட அரச நிறுவனங்கள் ஒரே அமைப்பின் கைக்குப் போய், 1994 முடிவதற்குள் பெரும்பாலும் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன.

வியட்நாமைப் பார். 1986 டிசம்பரில் அரசுத் திட்டத்திலிருந்து சந்தைப் பக்கம் பாதையை மாற்றத் தீர்மானித்தார்கள். 1988இல் கூட்டுப்பண்ணை நிலத்தைப் பயிரிடும் பொறுப்பைக் குடும்பங்களிடம் விட்டார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த நாடு 1989இல் கப்பலில் அரிசி ஏற்றியது. அங்கேயும் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் விவசாயியின் கையில் முதலில் ஏதோ கொடுத்தார்களே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இங்கே 2009இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதியால் எங்களைத் தேடி முதலில் வந்தது லீசிங் கடைகள். உழவு இயந்திரம் எடுத்து, தவணை கட்ட முடியாமல் பறிகொடுத்த வீடுகளை நீயே பார்த்திருக்கிறாய்.

அந்த அம்மாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது. ஆலையை மூடப்போகிறோம் என்று எத்தனை மாதத்துக்கு முன் அவருக்குச் சொன்னார்கள்?

அன்புடன்,
அப்பா